பாண்டிச்செல்வம் என்று பேர் வைத்தேன்

ஜூன் 12, வியாழன்

நேற்றுப் போட்ட வீடியோவுக்கு நாற்பத்தோரு கருத்துகள். பாதிப் பேர் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். படம் மோசம் என்றோ நான் கதை சொன்ன விதம் மோசம் என்றோ இல்லை. பேர்தான் குற்றம். கொரியப் பேர் நம் ஆட்களுக்கு வாயிலும் நுழையாது, மனதிலும் நிற்காது. ஆகவே வெளிநாட்டுப் படக்கதை சொல்கிற எல்லாரையும் போல நானும் "இவனுக்கு லக்ஷ்மண்னு பேர் வெச்சுப்போம், இவ நாராயணி" என்று தொடங்கிவிடுவேன். லக்ஷ்மண் என் மச்சினன், நாராயணி என் சித்தி. வாயில் வருகிற பேர் அதுதானே.

ஒரு பிரகஸ்பதி எழுதியிருக்கிறார்: "ஆள வெட்டுற ரவுடிக்கு லக்ஷ்மண்னு பேரா? இது கொரியா படமா, ஸ்ரீவில்லிபுத்தூர் அய்யங்கார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையா?" அதற்கு இருபது லைக்.

இம்மானுவேலும் அதையேதான் சொல்கிறார். சேனலில் பாதி அவர். ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். படத்தை வெட்டி ஒட்டுவது அவர், பேசுவது நான். "நம்ம பக்கத்துப் பேரா வைங்க சார். கேக்குறவன் நம்ம தெருவுல நடந்ததுன்னு நெனைக்கணும்" என்றார்.

மில் டைம் ஆபீஸில் இருபது வருடமாக வருகைப் பதிவேடு எழுதுகிறேன். எத்தனை ஆயிரம் பேர்கள் கையைத் தாண்டிப் போயிருக்கும். யோசித்தால் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அடுத்த படத்தைப் பார்த்து முடித்தேன். இரண்டு மணி பத்து நிமிடம். ரத்தம் வருகிற இடங்களில் கட்டைவிரலால் போன் திரையை மறைத்துக்கொண்டேன். இப்படி ஒரு ஆள்தான் கொலைப் படத்துக்குக் கதை சொல்கிறான் என்று தெரிந்தால் அந்த நாற்பத்தோரு பேரும் சிரிப்பார்கள்.

துறைமுக ஊர். அண்ணன், அண்ணி, தம்பி மூன்று பேரும் மீன் கடை வைத்திருக்கிறார்கள். அண்ணனை ஒருத்தன் கொன்றுவிடுகிறான். வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. கொன்றவன் வெளியே வந்து அதே தெருவில் நடமாடுகிறான். தம்பி மீன் வெட்டுகிற கத்தியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறான். அப்புறம் ஒரு மணி நேரம் வெட்டு, குத்து.

ஆனால் கடைசி இருபது நிமிடம் வேறு. சண்டை இல்லை, பேச்சுகூட இல்லை. தம்பி சிறையில் இருக்கிறான். அண்ணி காலையில் கடையைத் திறக்கிறாள், சாயங்காலம் மூடுகிறாள். மீன் வாங்க ஒருவரும் வருவதில்லை. தம்பியை உசுப்பிவிட்ட அதே தெரு, எதிர்ச்சாரியில் ஒதுங்கி நடந்துபோகிறது. அவ்வளவுதான் படம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இணையத்தில் தேடினேன். "செம படம். கடைசி இருபது நிமிஷம் தூக்கம்." "வில்லன் செத்ததும் ஆஃப் பண்ணிட்டுப் படுத்துருங்க." "ரத்தம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்." இன்னும் கொஞ்சமாம்.

ஜூன் 17, செவ்வாய்

பேர் கிடைத்துவிட்டது. சாயங்காலம் மில் விட்டு வீடு திரும்ப ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு நினைவஞ்சலி போஸ்டர். இரண்டாம் ஆண்டு. வேல்பாண்டி என்று பெரிய எழுத்தில், மீசையோடு ஒரு முகம். கீழே "கண்ணீருடன்: மனைவி மாரிச்செல்வி, தம்பி பாண்டிச்செல்வம்." அண்ணன், அண்ணி, தம்பி. அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. டிக்கெட் பின்னால் குறித்துக்கொண்டேன். வில்லனுக்கு மட்டும் இம்மானுவேல் என்று வைக்கப் போகிறேன். கேட்டுக் கத்தட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானம் ஒலிப்பதிவு. என் மனைவி ஹம்ஸாவின் புடவை அலமாரிக் கதவுகளைத் திறந்து, நடுவில் தலையை நுழைத்துக்கொண்டுதான் பேசுவேன், எதிரொலி வராது. படத்தை இரண்டு பாகமாகப் பிரித்திருக்கிறோம். முதல் பாகம் தம்பி பஸ் ஏறுவதோடு நிற்கிறது. அந்த இடம் கொஞ்சம் சப்பென்று இருந்ததால் நானே ஒரு வரி சேர்த்தேன். "அண்ணனக் கொன்னவன் காத்து வாங்கிக்கிட்டுத் திரியறான். பாண்டிச்செல்வம், நீ இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்க?"

இம்மானுவேல் அதை இரண்டு தடவை ஓடவிட்டுக் கேட்டார். "சார், இதுக்குத்தான் உங்களக் கூட வச்சிருக்கேன்" என்றார். தன் பேர் வில்லனுக்குப் போனதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

முதல் பாகம் போட்டாயிற்று.

ஜூன் 27, வெள்ளி

ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நான் நாலாயிரத்தைத் தாண்டியதில்லை.

காலையில் பஸ்ஸிலும் கருத்துகள், மத்தியானம் தயிர் சாதத்தோடும் கருத்துகள். "குரலா இது, புல்லரிக்குது." "பாண்டிச்செல்வம் நம்ம ஊர்க்காரன் மாதிரியே இருக்கான்." "கொரியாக்காரனுக்குத்தான் கத்தியப் பிடிக்கத் தெரியுது." "அந்தக் கடைசிக் கேள்விக்கு எந்திரிச்சு நின்னுட்டேன் அண்ணே." ஒரே ஒரு அம்மாள் மட்டும், "இவ்வளவு வன்முறை தேவையா, பிள்ளைகள் பார்க்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். அவரைப் பத்துப் பேர் பிய்த்து எடுத்துவிட்டார்கள். நான் அவருக்காக ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சந்தோஷமாக இருந்தேன், அதுதான் உண்மை.

ஜூலை 3, வியாழன்

மூன்று லட்சம். கருத்துகளில் நாலைந்து ஒரு மாதிரியாக இருக்கின்றன. "ஏலே, இது கொரியா கதையா நம்ம ஊர்க் கதையா?" "வேல்பாண்டி கொலை கேஸ் அப்படியே எடுத்திருக்கான்." "நம்ம பாண்டிச்செல்வத்துக்கு அனுப்புங்கலே, ரோசம் வருதான்னு பாப்போம்." "அவன் எங்க, தேங்கா உரிச்சுக்கிட்டுக் கெடக்கான். கொரியாக்காரனுக்கு இருக்குற சூடு இவனுக்கு இல்ல."

கொலை கேஸா? போஸ்டரில் அகால மரணம் என்றுகூட இல்லையே. இருந்ததா? நான் பேர்களை மட்டும்தான் பார்த்தேன்.

ஜூலை 5, சனி

மத்தியானம் ஒரு பெண் போன் செய்தாள். சேனலில் விளம்பரத்துக்கென்று கொடுத்திருக்கிற நம்பருக்கு.

"நீங்கதான அந்தப் படக்கதை சொல்றவுக? எங்க வீட்டுப் பேரெல்லாம் உங்களுக்கு யாரு சார் சொன்னா?"

மாரிச்செல்வி. சேத்தூர் தாண்டி ஒரு கிராமம். வேல்பாண்டியை இரண்டு வருடத்துக்கு முன் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பால்ச்சாமி என்பவன் வெட்டிவிட்டான். ஜாமீனில் வந்து அதே ஊரில் இருக்கிறான். வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில். நேரில் பார்த்த சாட்சி தம்பி பாண்டிச்செல்வம்தான்.

"வார மாசம் எங்க கொழுந்தன் சாட்சி சொல்லணும் சார். அதுவரைக்கும் பொறுத்திருய்யான்னு நானும் அத்தையும் கையெடுத்துக் கும்பிட்டு வச்சிருக்கோம். ரெண்டு வருசம் பொறுத்துட்டாரு. இப்ப டீக்கடைல, களத்துல, எங்க போனாலும் உங்க குரலப் போட்டுக் காட்டுதானுவ. இன்னும் எதுக்குக் காத்திருக்கன்னு கேக்குதானுவ. அதை எடுத்துருங்க சார்."

எடுத்துவிடுகிறேன் என்றேன். தெரியாமல் நடந்துவிட்டது என்றேன். அவள் திட்டவில்லை. "எடுத்துட்டா ஒரு போன் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 6, ஞாயிறு

இம்மானுவேலிடம் சொன்னேன். அவருக்கும் முகம் வாடிவிட்டது. ஆனால், "எடுத்தா மொத்தமும் போயிரும் சார். பேர மட்டும் மாத்திப் பேசிக் குடுங்க, புதுசாப் போடுவோம். ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் இது கெடக்கட்டும்" என்றார். நானும் சரி என்றேன்.

ஹம்ஸா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அந்தப் பொண்ணு கெஞ்சறா. நீங்க எத்தனை பேர் பார்த்தான்னு எண்ணிண்டிருக்கேள். இப்பவே எடுத்துடுங்கோ." ஒரு வாரம்தானே என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

நாலு லட்சத்து இருபதாயிரம். எடுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

எடுத்துவிட்டேன். எனக்கு நல்ல புத்தி வந்து எடுக்கவில்லை. மில் கேண்டீனில் ஒருவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் காட்டினான். என் கடைசி வரி, என் குரல். ஆனால் படத்தில் கொரியாக்காரன் இல்லை. தேங்காய்க் களத்தில் குனிந்து உரித்துக்கொண்டிருக்கிற ஒரு மெலிந்த ஆள். பின்னாலிருந்து யாரோ தெரியாமல் எடுத்திருக்கிறார்கள். "பாண்டிச்செல்வம், நீ இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்க?" கீழே சிரிப்புப் பொம்மைகள்.

அந்த வரி படத்தில் இல்லை. நான் எழுதினது. புடவை அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் கேட்ட கேள்வி.

மாரிச்செல்விக்குப் போன் செய்து சொன்னேன். "சரி சார்" என்றாள். அஞ்சாம் தேதி சொன்னதற்குப் பதினொன்றாம் தேதியா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

நான் எடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. பதினேழு பேர் முதல் பாகத்தைத் தங்கள் சேனலில் போட்டிருக்கிறார்கள். என்னைத் திட்டி வருகிற கருத்துகளுக்குக் கணக்கில்லை. "ரெண்டாம் பாகம் எங்கடா?" "பயந்துட்டான் அய்யரு." "பாதியில விடுறதுக்கு எதுக்கு ஆரம்பிச்ச?" பேசி வைத்த இரண்டாம் பாகம் இம்மானுவேலின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இனி அந்தப் பேரே வேண்டாம், போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இது மட்டுமாவது சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

மில்லில் சாப்பாட்டு நேரம். தெரியாத நம்பர். "அண்ணாச்சி, வணக்கம். நான் பாண்டிச்செல்வம் பேசுதேன்." பின்னணியில் தேங்காய் மட்டை கிழிபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கோபமே இல்லாத குரல். அந்த ஸ்டேட்டஸில் பார்த்த முதுகுதான் நினைவுக்கு வந்தது.

"மதினி சொன்னாவ, தெரியாம வச்ச பேருன்னு. அதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு சந்தேகம் கேக்கணும். நீ எதுக்குக் காத்திருக்கன்னு அந்தப் படத்துல கேக்குறது யாரு? அம்மாவா, அண்ணியா?"

அது நான் சேர்த்த வரி என்று சொல்லவில்லை. அவரே, "சரி, விடுங்க. பொறவு அவன் என்ன ஆனான்? ஊர்ல எல்லாரும் பாதிதான் பாத்திருக்கானுவ. கொன்னுட்டான்னு ஒருத்தன் சொல்லுதான், செத்துட்டான்னு ஒருத்தன் சொல்லுதான். உங்களுக்கு முழுசாத் தெரியுமில்ல?" என்றார்.

தெரியும். கடைசி இருபது நிமிடமும் தெரியும். அந்த அண்ணி கடையைத் திறப்பதும் மூடுவதும் தெரியும். சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் என் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: இந்த ஆள் நாளைக்கு ஏதாவது செய்துவிட்டு, அந்தக் கதை சொன்னவர்தான் சொன்னார் என்று என்னைக் கை காட்டிவிட்டால்? போனில் பேசியது பதிவாகியிருக்குமோ?

"நான் இன்னும் முழுசாப் பாக்கலீங்க" என்றேன்.

"அப்படியா அண்ணாச்சி. சரி, வச்சிடுதேன்."

ஜூலை 18, வெள்ளி

அந்த நம்பருக்கு நான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, பார்த்துவிட்டேன், முடிவு இதுதான் என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை எடுத்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது? நேற்றுப் பொய் சொன்னேன் என்றா? ஞாயிற்றுக்கிழமை ஆற அமரப் பேசலாம்.

ஜூலை 20, ஞாயிறு

பேசவில்லை. மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். அது ஒரு சாக்கு.

ஜூலை 22, செவ்வாய்

பதினொரு மணிக்கு இம்மானுவேல் கூப்பிட்டார். "சார், எங்க இருக்கீங்க? உக்காந்துக்கிடுங்க."

காலையில் ஏழு மணிக்கு டீக்கடை வாசலில் பால்ச்சாமி. அரிவாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். பாண்டிச்செல்வம் அப்படியே பஸ் ஏறி வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சரணடைந்துவிட்டார். நான் மில்லுக்குப் போகிற பஸ்ஸும் அவர் வந்த பஸ்ஸும் எங்கேயோ எதிரெதிரே தாண்டியிருக்கும்.

அய்யோ, ரெண்டு நிமிஷம். ரெண்டு நிமிஷம் பேசியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் எனக்கு? அந்த ஆளு வெட்டணும்னு கேக்கலியே. பொறவு என்ன ஆச்சுன்னுதானே கேட்டான். அதைத்தானே கேட்டான்.

ஜூலை 24, வியாழன்

சொல்லியிருந்தாலும் செய்திருப்பார் என்கிறார் இம்மானுவேல். இருக்கலாம். இரண்டு வருடப் புகைச்சல், ஊர்ப் பேச்சு, எல்லாம் இருந்தது. ஆனால் அதை இனி யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. அந்த வசதி எனக்கும் கிடையாது.

யாரோ திருடிப் போட்ட முதல் பாகத்தின் கீழே கருத்துகள் மறுபடி கூடிவிட்டன. "ரெண்டாம் பாகம் நேரலையில் பாத்தாச்சு." "ஆம்பள." "பாண்டிச்செல்வம் மாஸ்." "கேஸு கெட்டுப்போச்சே, சாட்சியே குற்றவாளி ஆயிட்டானே, முட்டாப்பய." இதை எழுதியவர் மூன்று வாரம் முன்னால் ரோசம் வருதான்னு பாப்போம் என்று எழுதியவர்தான். பேரை வைத்துக் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் படித்தேன். என்னைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

"இப்பவாவது ரெண்டாம் பாகத்தப் போடலாமா சார்? அந்த முடிவ எல்லாரும் பாக்கட்டுமே" என்று இம்மானுவேல் நல்ல மனதோடுதான் கேட்டார். யாருக்காக என்று கேட்டேன்.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். தேர். வருடா வருடம் ரதவீதியில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்வது நான்தான். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். என் இடத்தில் பக்கத்துத் தெரு ஸுந்தரராஜன் பேசினான். வீட்டுக்குள் வரைக்கும் கேட்டது. நன்றாகத்தான் பேசினான்.

ஹம்ஸா பிரசாதத்தை முன்னால் வைத்துவிட்டு, "போலீஸ்ல கேட்டா உள்ளதைச் சொல்லிடுங்கோ" என்றாள். கேட்க ஒருவரும் வரவில்லை. கேட்டுவிட்டால்கூடத் தேவலை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று பாண்டிச்செல்வத்தின் காவல் நீட்டிப்பு என்று பேப்பரில் போட்டிருந்தது. மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. மாரிச்செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே நடந்தேன்.

வேப்பமர நிழலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து, "பாண்டிச்செல்வம் வீட்டாளுக யாரு?" என்று கேட்டதும் இளையவள் எழுந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்தில் இருந்தது மாமியார். வேனிலிருந்து அவரை இறக்கி என்னைத் தாண்டித்தான் கூட்டிப்போனார்கள். குள்ளமான மனிதர். செருப்பு ஒரு வார் அறுந்திருந்தது, இழுத்து இழுத்து நடந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்கு நான் யாரோ ஒருவன்.

அவர்களோடு பேச ஊரிலிருந்து ஒரு ஆள்கூட வந்திருக்கவில்லை.

மாரிச்செல்வி என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, உள்ள போனா வெளிய வர எம்புட்டு நேரமாகும்? உங்களுக்குத் தெரியுமா?"

வாயைத் திறந்தேன். கோத்து வைத்த அத்தனை வாக்கியமும் தொண்டை வரை வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. என் முகம் இவளுக்குத் தெரியாது, ஆனால் குரல் தெரியும். டீக்கடையில், களத்தில், பக்கத்து வீட்டுப் போனில் நாள் முழுக்கக் கேட்ட குரல். ஒரு வார்த்தை போதும், உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

வாயை மூடிக்கொண்டு தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

"அத்தை, பாவம், அவியளுக்குப் பேச்சு வராது போல" என்றாள் மாமியாரிடம். பிறகு என்னைப் பார்த்து, எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, பாட்டிலைக் காட்டி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, "தண்ணி. குடிங்க. வெயில்ல. நிக்காதிய" என்றாள்.

வாங்கிக் குடித்தேன். நிழலில் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார்கள். அவர் திரும்பி வரும் வரைக்கும் அவர்களோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.